குழந்தைக்கான ஜீவனாம்சத்தை வசூலிப்பது யாருடைய வேலை?

கணவர் விட்டுச் சென்ற பிறகு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, "கேஸ் போட்டால் மாதம் எவ்வளவு கிடைக்கும்?" என்பதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பின்னால் அவர்கள் கேட்காத இன்னொரு கேள்வி இருக்கிறது. நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகு, அந்தப் பணத்தை மாதந்தோறும் அந்த மனிதரிடமிருந்து யார் வாங்கித் தருவார்கள்? சட்டத்தின் ஏட்டில் இதற்குப் பல வழிகள் எழுதப்பட்டிருக்கின்றன. நடைமுறையில் அந்த வேலை முழுவதும் தாயின் தலையில்தான் விழுகிறது. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது அதைப் பற்றித்தான்.

என் மகளுக்கு இரண்டு வயது நிறைவதற்கு முன்பே அவளுடைய தந்தை எங்களை விட்டுப் போய்விட்டார். இப்போது அவள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். எங்கள் ஊர் நீதிமன்றத்தில் எம்.சி. என்று சொல்லப்படும் ஜீவனாம்ச மனு போட்டு, வாய்தா வாய்தாவாக நடந்து உத்தரவு வாங்கினேன். சில மாதங்கள் பணம் வந்தது, பிறகு நின்றது, வாரண்டு என்றதும் மறுபடி கொஞ்சம் வந்தது, இன்றும் அப்படித்தான் விட்டு விட்டு வந்துகொண்டிருக்கிறது. இடையில் சட்டப்பணிகள் குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேர்ந்து, என்னைப் போன்ற பெண்களுடன் நீதிமன்றத்துக்குத் துணையாகப் போகத் தொடங்கினேன். நான் வழக்கறிஞர் இல்லை. ஆகவே நான் எழுதுவதைச் சட்ட ஆலோசனையாகக் கொள்ளாமல், இந்தப் பாதையில் சற்று முன்னால் போய்க்கொண்டிருக்கும் ஒருத்தி பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பணம் யாருடையது என்பது மனத்தில் தெளிவாக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆவது பிரிவாகத் தொடர்கிறது. வசதி இருந்தும் மனைவியையோ குழந்தையையோ பெற்றோரையோ பராமரிக்கத் தவறுகிறவருக்கு மாதாந்தரத் தொகை கட்டும்படி நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம் என்பது அதன் சாரம். குடும்பநல நீதிமன்றம் உள்ள இடங்களில் அந்த நீதிமன்றமே இதை விசாரிக்கும். குழந்தை என்று சொல்லும்போது, திருமண உறவில் பிறந்ததா இல்லையா என்ற வேறுபாட்டை அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. மனைவிக்குப் பணம் மறுக்கப்படக்கூடிய சூழ்நிலைகள் சில அதில் உண்டு: தகுந்த காரணமின்றிக் கணவருடன் வாழ மறுப்பது, இருவரும் ஒத்துக்கொண்டு தனியே வாழ்வது போன்றவை. அந்தத் தடைகள் எதுவும் குழந்தையைத் தொடுவதில்லை. மனைவி மேல் எவ்வளவு குற்றம் சுமத்தினாலும், அந்தக் குற்றம் அத்தனையும் உண்மையாகவே இருந்தாலும், குழந்தையின் பங்கு அப்படியே நிற்கும்.

இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜீவனாம்ச மனு போட்ட உடனே எதிர்த்தரப்பில் பெரும்பாலும் நடப்பது, "சேர்ந்து வாழத் தயார்" என்று ஒரு மனுவைப் போடுவது. அதைக் கேட்டதும் பெண்ணின் வீட்டாருக்கே மனம் தடுமாறிவிடும். "கூப்பிடுகிறாரே, போகாமல் பணம் மட்டும் கேட்டால் நீதிபதி என்ன நினைப்பார்?" என்று பெரியப்பாவும் மாமாவும் கேட்பார்கள். நீதிபதி என்ன நினைத்தாலும், அந்த மனு தாய்க்கும் தந்தைக்கும் இடையிலான விஷயம். பள்ளிக் கட்டணமும் பால் செலவும் அந்த மனுவின் முடிவுக்காகக் காத்திருக்க முடியாது; காத்திருக்கச் சட்டமும் சொல்லவில்லை. அதைப் போலவே, பரஸ்பர சம்மத விவாகரத்தின்போது "இனி எந்தப் பாத்தியமும் கோர மாட்டேன்" என்று தாய் கையெழுத்திட்டிருந்தால், அது அவளுடைய உரிமையை மட்டுமே கட்டுப்படுத்தும். மகளுக்கு உரிய பராமரிப்பைத் தாய் விட்டுக்கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. முஸ்லிம் குடும்பங்களில் மணமுறிவு நடந்தாலும், குழந்தைகள் வளர்ந்து தம் காலில் நிற்கும்வரை தந்தை பராமரிக்கும் கடமை இதே பிரிவின் கீழ் தொடரும் என்று 1997-இலேயே தீர்ப்பு வந்துவிட்டது.

ஆனாலும் நம் வீடுகளில் இந்தப் பணத்தைப் பற்றிய பேச்சு வேறு மாதிரி நடக்கிறது. "விட்டுப் போனவன் காசு நமக்கு எதற்கு? நாங்கள் கஞ்சி ஊற்ற மாட்டோமா?" என்று என் அம்மா கேட்டார். அதில் அன்பும் இருந்தது, ரோஷமும் இருந்தது. அந்த ரோஷத்தை நான் மதிக்கிறேன். அந்த ரோஷத்தால்தான் அம்மா என்னையும் என் தங்கையையும் வளர்த்தார். எனினும் அந்த ரோஷத்துக்கு விலை கொடுப்பவள் என் மகள். தாத்தாவின் ஓய்வூதியத்திலிருந்து அவளுக்குப் புத்தகம் வாங்கும்போது, தாத்தாவின் மருந்துச் செலவில் ஒரு பங்கு குறைகிறது. அவளுடைய தந்தையின் சம்பளத்தில் ஒரு ரூபாயும் குறைவதில்லை. தனக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஒரு பெண்ணுக்கு உண்டு. குழந்தைக்கு வர வேண்டியதை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறதா என்பதை அவள் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். நான் கேட்டுக்கொண்டேன்; இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. ஊரில் இதைப் "பணத்துக்காகக் கோர்ட்டுக்குப் போனவள்" என்று சொன்னார்கள். ஆமாம், பணத்துக்காகத்தான் போனேன். ஒரு குழந்தையை வளர்ப்பதற்குப் பணம் வேண்டும்.

மனு போடுவது எங்கே என்பதில் பலர் குழம்புகிறார்கள். கணவர் வேலை பார்க்கும் தொலைதூர ஊருக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. தாய் இப்போது வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இன்னொரு முக்கியமான விஷயம், தேதி. மனு தாக்கல் செய்த நாளிலிருந்து தொகையைக் கணக்கிட வேண்டும் என்று 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் இந்து மல்கோத்ரா, ஆர். சுபாஷ் ரெட்டி அமர்வு தெளிவாக்கிவிட்டது. அதற்கு முன்பு உத்தரவு நாளிலிருந்து ஒரு நீதிமன்றம், மனு நாளிலிருந்து இன்னொரு நீதிமன்றம் என்று நாடெங்கும் ஆளுக்கொரு வழியாக இருந்தது. இதன் மறுபக்கத்தையும் பாருங்கள்: மனு போடாமல் பஞ்சாயத்துப் பேசிக் கழித்த மாதங்கள் போனவைதாம். மகளிர் காவல் நிலையத்தில் "மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்ததை நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தக் காகிதத்தைக் காட்டி வாரண்டு கேட்க முடியாது.

வழக்கு முடிய நாளாகும் என்பதற்காகவே இடைக்கால ஜீவனாம்சம் என்ற ஏற்பாடு 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு சார்பு செய்யப்பட்ட நாளிலிருந்து, அதாவது அது அவர் கையில் சேர்ந்த நாளிலிருந்து, கூடுமானவரை 60 நாட்களுக்குள் அந்த மனுவை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். இந்த வாக்கியத்தில் உள்ள ஓட்டை, "அறிவிப்பு சார்பு செய்யப்பட்ட நாளிலிருந்து" என்ற சொற்களில் இருக்கிறது. சம்மனை வாங்காமல் இருந்துவிட்டால் 60 நாள் தொடங்குவதே இல்லை. வீடு பூட்டியிருக்கிறது, அந்த முகவரியில் ஆள் இல்லை, வெளியூர் சென்றுவிட்டார் என்று சம்மன் திரும்பித் திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன். அதே மனிதர் அதே வாரம் உள்ளூர்க் கோயில் திருவிழாவில் நன்கொடையாளராக ஃபிளெக்ஸ் பேனரில் சிரித்துக்கொண்டிருந்ததையும் பார்த்திருக்கிறேன். வேண்டுமென்றே தவிர்க்கிறார் என்று நடுவருக்குத் தோன்றினால் ஒருதலைப்பட்சமாக விசாரித்து உத்தரவிட அதிகாரம் உண்டு. ஆனால் அப்படி வந்த உத்தரவை, தகுந்த காரணம் காட்டி மூன்று மாதத்துக்குள் ரத்து செய்யக் கேட்க எதிர்த்தரப்புக்கும் வழி உண்டு. அப்படி ரத்தாகிவிட்டால் வழக்கு மறுபடி முதலிலிருந்து.

வருமானத்தை நிரூபிப்பது அடுத்த மலை. நீதிமன்ற வாசலை மிதித்ததும் எல்லாரும் கூலித் தொழிலாளிகள் ஆகிவிடுகிறார்கள். சொந்தமாக லாரி வைத்திருந்தவர் கிளீனர் ஆகிறார். கடை வைத்திருந்தவர் அண்ணன் கடையில் எடுபிடி ஆகிறார். நிலம் தம்பி பேருக்குப் போய்விடுகிறது. இதை உணர்ந்துதான் அதே 2020 தீர்ப்பு, இரண்டு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கி, அதற்கான படிவத்தையும் தீர்ப்போடு இணைத்தது. உங்கள் வழக்கில் அவர் அந்தப் பத்திரத்தைத் தாக்கல் செய்திருக்கிறாரா என்று உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள். தாக்கல் செய்திருந்தால் நகல் வாங்கி, ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து படியுங்கள். அவருடைய வாழ்க்கையைப் பற்றி உங்கள் வழக்கறிஞரைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும். பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைப் பார்க்கலாம். சர்வே எண் தெரிந்தால் பட்டா விவரத்தையும் இணையத்திலேயே எடுக்கலாம். வாகனப் பதிவுச் சான்றின் நகல், பழைய ஜிபே பரிமாற்றங்கள், அவரே பெருமையாகப் போட்ட முகநூல் படங்கள் என்று கிடைத்ததையெல்லாம் தேதியோடு சேர்த்து வையுங்கள். எதுவுமே கிடைக்காவிட்டாலும் கலங்க வேண்டாம். உடலில் வலு உள்ளவர், வேலை இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது, உடலுழைப்பாலாவது சம்பாதித்து மனைவி மக்களைக் காப்பாற்றும் கடமை அவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் மறுபடியும் சொல்லியிருக்கிறது.

எவ்வளவு தொகை என்பதற்கு நம் சட்டத்தில் சூத்திரம் கிடையாது. பல நாடுகளில் தந்தையின் வருமானம், பிள்ளைகளின் எண்ணிக்கை, பிள்ளை எத்தனை இரவுகள் யாரிடம் தங்குகிறது என்பதையெல்லாம் கொண்டு கணக்குப் போடும் அட்டவணை இருக்கிறது. இங்கே நடுவரின் மதிப்பீடுதான். 2001 வரை இந்தப் பிரிவில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் உத்தரவிடவே முடியாது என்ற உச்சவரம்பு இருந்தது என்பதை இன்றைய இளம்பெண்கள் நம்ப மாட்டார்கள். விலைவாசி எத்தனையோ மடங்கு ஏறியும் அந்தத் தொகை பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தது. வரம்பு போய்விட்டது, ஆனால் ஒருமுறை நிர்ணயித்த தொகை தானாக உயராது என்ற நிலை மாறவில்லை. எல்.கே.ஜி. பிள்ளைக்குப் போட்ட தொகையே அவள் பத்தாம் வகுப்புக்கு வரும்போதும் நிற்கும். உயர்த்தக் கேட்டுத் தனியாக மனு போட வேண்டும். பழைய சட்டத்தில் 127, புதிய சட்டத்தில் 146. அதற்கும் சம்மன், அதற்கும் வாய்தா. உத்தரவு எழுதும்போதே ஆண்டுக்கு இவ்வளவு சதவீதம் உயரும் என்று எழுதிவிட்டால் எத்தனை பெண்களுக்கு எத்தனை நாள் கூலி மிச்சமாகும் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் மனுவிலேயே அதைக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

இனி நான் மிகவும் சொல்ல விரும்பும் பகுதிக்கு வருகிறேன். உத்தரவு வந்து, அவர் பணம் கட்டவில்லை. என்ன நடக்கும்? எதுவும் தானாக நடக்காது. நீதிமன்றத்துக்கு அவர் கட்டவில்லை என்பது தெரியவே தெரியாது. தாய் மறுபடி போய், இன்ன மாதத்திலிருந்து இன்ன மாதம்வரை நிலுவை என்று கணக்கெழுதி, நிறைவேற்று மனு போட வேண்டும். அதற்கு மறுபடி அறிவிப்பு, மறுபடி வாய்தா. பிறகு வாரண்டு பிறக்கும். அந்த வாரண்டு காவல் நிலையத்துக்குப் போகும். அங்கே அதைவிட அவசரமான நூறு வேலைகள் இருக்கும். "ஆள் எங்கே இருக்கிறான் என்று நீயே பார்த்துச் சொல்லம்மா, போய்ப் பிடிக்கிறோம்" என்று நேரடியாகச் சொன்ன காவலர்கள் உண்டு. அப்படி அந்தப் பெண், வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, தன்னை விட்டுப் போன மனிதர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டு அலைகிறாள்.

பிடித்து வந்து நிறுத்தினால், பெரும்பாலும் நிலுவையில் ஒரு பகுதியைக் கட்டிவிட்டு மீதிக்கு வாய்தா கேட்பார்கள். கட்டவே இல்லை என்றால், கட்டாத தொகைக்காக ஒரு மாதம்வரை, அல்லது அதற்குள் கட்டிவிட்டால் அதுவரை, சிறையில் அடைக்கலாம். சிறைக்குப் போய் வந்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று நினைக்கிற ஆண்கள் பலர். சில பெண்களும் அப்படித்தான் நினைத்துக் கைவிட்டுவிடுகிறார்கள். சிறை என்பது வசூலிப்பதற்கான ஒரு வழிதான், பணத்துக்கு மாற்று அல்ல, சிறைவாசம் முடிந்த பிறகும் தொகை அப்படியே நிலுவையில் இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே சொல்லியிருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஓராண்டுக் கெடு. தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போடாவிட்டால், அந்தத் தொகைக்காக இந்தப் பிரிவின் கீழ் வாரண்டு பிறப்பிக்க முடியாது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுடன் நான் போயிருந்தேன். இரண்டு ஆண் பிள்ளைகள். உத்தரவு கையில் இருந்தது. மாமியார் இறந்த துக்கம், பெரியவனின் டைபாய்டு, கம்பெனியில் ஆர்டர் நேரம் என்று தள்ளித் தள்ளிப் போனது. நாங்கள் மனு எழுத உட்கார்ந்தபோது, கெடு தாண்டிய மாதங்களே அதிகம். அந்த மாதங்களிலும் பிள்ளைகள் சாப்பிட்டார்கள், பள்ளிக்குப் போனார்கள், காய்ச்சலில் கிடந்தார்கள். அவளுக்கு அந்தக் கெடுவைப் பற்றி உத்தரவு கிடைத்த நாளில் யாரும் சொல்லவில்லை. உத்தரவின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி தமிழில் அச்சடித்துக் கொடுத்திருந்தால் போதும்.

அப்படித் தவறிய தொகை ஒரேயடியாகப் போய்விட்டதாகவும் நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம்வரை சென்ற ஒரு வழக்கில், 2013-இல், ஓராண்டுக் கெடு என்பது இந்தத் தனி நடைமுறைக்கு மட்டுமே, உரிமையை அது அழிப்பதில்லை, வேறு வழிகளில் வசூலிக்கத் தடையில்லை என்று தீர்ப்பு வந்தது. ஆனால் அந்த வேறு வழி என்பது உரிமையியல் நடவடிக்கை. செக்கிங் மேசையில் நின்று வேலை செய்யும் பெண் அதற்கு நேரமும் பணமும் எங்கே தேடுவாள்? ஆகவே, ஒரு நோட்டில் மாதவாரியாக எழுதுங்கள்; கட்டிய தேதி, கட்டிய தொகை, கட்டாதது. சில மாதங்கள் சேர்ந்தவுடன் மனு போட்டுவிடுங்கள். தொகை வங்கிக் கணக்கில்தான் வர வேண்டும் என்று உத்தரவிலேயே எழுதி வாங்குங்கள். கையில் கொடுத்தேன், அவள் தம்பியிடம் கொடுத்தேன், பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கித் தந்தேன் என்று பின்னால் வரும் கதைகளுக்கு வங்கிப் புத்தகம் ஒன்றே பதில்.

சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால், அரசே வசூலிக்கும் வழியும் அங்கே இருக்கிறது. நிலுவையை அபராதம் வசூலிக்கும் முறையில் வசூலிக்கலாம் என்கிறது பிரிவு. அபராதத்தை வசூலிக்கும் முறைகளில் ஒன்று, மாவட்ட ஆட்சியருக்கு வாரண்டு அனுப்பி, அசையும் சொத்து அசையாச் சொத்து எதிலிருந்தும் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கச் சொல்வது. நான் துணைக்குப் போன எந்த வழக்கிலும் இந்த வழி கையாளப்பட்டதைப் பார்த்ததில்லை. அதே போல, 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 20-ஆவது பிரிவில், உத்தரவான தொகையைக் கட்டத் தவறினால், அவருக்குச் சம்பளம் தரும் நிறுவனமே அதில் ஒரு பகுதியைப் பிடித்து நேரடியாகப் பெண்ணுக்கோ நீதிமன்றத்துக்கோ செலுத்தும்படி உத்தரவிடலாம். செலவுக்குப் பணம் தராமல் ஒடுக்குவதையும் அந்தச் சட்டம் பொருளாதார வன்முறை என்கிறது. மாதச் சம்பளக்காரராக இருந்தால் இந்த வழியை உங்கள் வழக்கறிஞரிடம் அவசியம் பேசுங்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர் என்றால், வாரண்டு நிலுவையில் இருப்பதைக் கடவுச்சீட்டு அலுவலகத்துக்குத் தெரிவிக்கலாம். கடவுச்சீட்டை முடக்க 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் உண்டு. கடவுச்சீட்டைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் நெருங்கும்போதுதான் சிலருக்குத் தம் பிள்ளையின் நினைவு வருகிறது.

என் கோரிக்கை இதுதான். தாய் ஒருமுறை நீதிமன்றத்தில் உரிமையை நிலைநாட்டிவிட்ட பிறகு, அந்தத் தொகையை மாதந்தோறும் வசூலிக்கும் வேலையை அரசு ஏற்றுக்கொள்ள வேண்டும். இது நடக்க முடியாத கனவு இல்லை. ஜெர்மனியில் 1980 முதல், தந்தை கட்டாத பராமரிப்புத் தொகைக்குப் பதிலாக அரசு ஒரு குறைந்தபட்சத் தொகையைக் குழந்தைக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டு, அதைத் தந்தையிடமிருந்து வசூலித்துக்கொள்கிறது. 2017-இல் அந்த வயது வரம்பு சில நிபந்தனைகளுடன் 18 வரை நீட்டிக்கப்பட்டது. அங்கே கடன்காரருக்கு எதிரில் நிற்பது அரசு. இங்கே நிற்பது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த ஒரு பெண். மின்கட்டணம் கட்டாதவர் வீட்டு வாசலுக்கு ஆள் அனுப்பி இணைப்பைத் துண்டிக்கத் தெரிந்த அரசுக்கு, நீதிமன்றமே உறுதிசெய்த ஒரு குழந்தையின் பாக்கியை வசூலிக்கத் தெரியாமல் இருக்காது.

தமிழ்நாட்டில் கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு மாதாந்தர ஓய்வூதியம் இருப்பது உண்மை; பலருக்கு அது பெரிய ஆதரவு. ஆனால் அதற்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். சட்டப்படி விவாகரத்தோ பிரிவோ பெறாதவர், கைவிடப்பட்டு ஐந்தாண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். இருபத்து நான்கு வயதில் கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணுக்கு அது எட்டாது. குழந்தைக்கு மிகவும் தேவைப்படும் ஆண்டுகளே அந்த முதல் ஐந்தாண்டுகள். மேலும் அந்தத் தொகை தந்தையின் கடமைக்கு ஈடாகவும் ஆகாது.

வயதைப் பற்றி இன்னொன்று. நம் 144-ஆவது பிரிவின்படி, உடல் அல்லது மனக் குறைபாடு உள்ள பிள்ளையைத் தவிர மற்றவர்களுக்கு 18 வயதோடு தொகை நின்றுவிடும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டிய அந்த வயதில்! இந்துக் குடும்பத்தில் திருமணமாகாத மகள், தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள இயலாத நிலையில், 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் அதற்குப் பிறகும் கேட்கலாம் என்று 2020 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. அதற்கும் தனி வழக்கு வேண்டும். மகனுக்கு அந்த வழியும் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில், 1999-ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் 18 முதல் 25 வயதுவரை உள்ள பிள்ளைகளும் தேவையிருந்தால் பெற்றோரிடம் கேட்கலாம் என்று இடம் வைத்திருக்கிறது. நாமும் அதைக் கேட்க வேண்டும்.

பிள்ளையைப் பார்க்க விட்டால்தான் பணம் என்பார்கள் தந்தையர். பணம் கட்டினால்தான் பிள்ளையைக் காட்டுவேன் என்பார்கள் தாய்மார்களில் சிலர். இரண்டும் தனித்தனி. நீதிமன்றம் சந்திப்புக்கு நாள் குறித்திருந்தால், நிலுவை எவ்வளவு இருந்தாலும் பிள்ளையை அழைத்துப் போய்விடுங்கள். அது பிள்ளையின் இன்னொரு உரிமை. என் மகள் தன் தந்தையை வெறுக்க வேண்டும் என்று நான் விரும்பவில்லை; அவர் கட்ட வேண்டியதைக் கட்ட வேண்டும் என்று மட்டுமே விரும்புகிறேன். உண்மையிலேயே நோயிலோ வேலையிழப்பிலோ விழுந்துவிட்ட தந்தையரும் இருக்கிறார்கள். அவர்கள் அதை நீதிமன்றத்தில் சொல்லித் தொகையைக் குறைக்கக் கேட்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. சொல்லாமல் காணாமல் போவதற்கு அது சாக்காகாது.

இதைப் படிக்கும் யாருக்காவது தேவைப்பட்டால்: சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன் 12-ஆவது பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும், வட்ட அளவிலான நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப்பணிகள் குழுவும் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். போகும்போது உங்கள் ஆதார் அட்டை, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு இருந்தால் அதன் நகல், இல்லாவிட்டால் பத்திரிகையும் படங்களும், பள்ளிக் கட்டண ரசீதுகள், மருத்துவச் சீட்டுகள், வாடகை ஒப்பந்தம், அவருடைய கடைசி முகவரி, அவர் வேலை பார்க்கும் இடத்தின் பெயர் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ஏற்கெனவே உத்தரவு பெற்றவர்கள், உத்தரவின் சான்றிட்ட நகலையும், கடைசியாகப் பணம் வந்த தேதி தெரியும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். அந்தத் தேதியிலிருந்து ஓராண்டு ஆவதற்குள் போய்விடுங்கள்.